சேவல் கெண்டி

கெண்டிக்கு மூக்கு உண்டு என்பது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அலகு உள்ள கெண்டியை நேயர்கள் கேள்விப்பட்டதுண்டா? ஜெர்மனியில் ஸாக்ஸனி ராஜ்யத்தைச் சேர்ந்த மெய்ஸன் நகரத்துப் பீங்கான் தொழிற்சாலையில், 1730-க்கும் 1740-க்கும் இடையில், சேவல் வடிவத்தில் தேநீர்க் கெண்டிகள் செய்தார்கள். முதுகிலே மூடி, வளைந்த வாலே கைப்பிடி, திறந்த அலகின் வழியாகத் தேநீர் கிண்ணத்தில் விழும். பொழுது விடியக் கூவி எழுப்பும் பட்சியே தேநீரும் வார்த்துக் கொடுத்தால், அதைவிட வேறு என்ன சௌகரியம் வேண்டும்?

இந்தக் கெண்டியைச் சமைத்த சிற்பியின் பெயர் கெண்ட்லர். பெயர்ப் பொருத்தம் நாம் கற்பித்ததல்ல! 1731-இல் தொழிற்சாலையில் சேர்ந்த அவர், உயிருள்ள பட்சிகளை நேரில் பார்த்துச் சித்திரம் வரைந்து கொண்டு, பிறகே களிமண்ணைக் கையில் எடுப்பாராம். சேவல் நிற்கும் மிடுக்கைக் கண்டால் இது விளங்கும்.

ஆனால் அந்த வெள்ளைப் பீங்கானின் பிறப்பு வேடிக்கையானதல்ல. சீனர்கள் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்த கெட்டிப் பீங்கானின் ரகசியம் ஐரோப்பியருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. ஸாக்ஸனியை ஆண்ட அகஸ்டஸுக்கோ பீங்கான் என்றால் பித்து. 1717-இல் பிரஷ்ய மன்னனிடமிருந்து 151 சீனப் பாத்திரங்களைப் பெற்றுக்கொண்டு, தன் குதிரை வீரர்களில் 600 பேரைக் கொடுத்தான். பாத்திரம் ஒன்றுக்கு ஏறக்குறைய நாலு மனிதர்!

இத்தகைய அரசனிடம், 1701-ஆம் ஆண்டிலேயே அகப்பட்டுக் கொண்டவன் பெட்கர் என்ற பத்தொன்பது வயது வாலிபன். பொன் செய்யத் தெரியும் என்று சொல்லிக் கொண்டதே அவன் செய்த பிழை. அகஸ்டஸ் அவனைக் காவலில் வைத்தான். தப்பி ஓடியவனை மறுபடியும் பிடித்து வந்தார்கள். பொன் வரவில்லை. ஆனால் சிர்ன்ஹவுஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து சூளையருகே உழைத்ததன் பலனாக, 1708-இல் வெண்மையான கெட்டிப் பீங்கான் கிடைத்தது. 1710-இல் மெய்ஸன் கோட்டைக்குள்ளேயே தொழிற்சாலை ஏற்பட்டது. பெட்கருக்கு விடுதலை கிடைத்ததோ 1714-இல்தான். 1719-இல், முப்பத்தேழாவது வயதில், அவன் மாண்டு போனான்.

கோட்டைச் சுவர்களால் ரகசியத்தையாவது காக்க முடிந்ததா? அதுவும் இல்லை. அதே 1719-இல் ஸ்டெல்ட்ஸெல் என்ற தொழிலாளி வியன்னா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். மெய்ஸன் வித்தையும் அவரோடு போயிற்று. மனிதனைப் பூட்டி வைக்கலாம். அவன் கற்ற வித்தையைப் பூட்டி வைக்கும் பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை.

கெண்ட்லரோ சம்பளம் பெறும் சிற்பியாக, 1775-இல் காலமாகும் வரையில் நாற்பத்து நாலு வருஷம் அதே தொழிற்சாலையில் வேலை செய்தார். பீங்கானைத் தந்தவன் கைதி. அதற்குச் சிறகு தந்தவர் விருப்பம் போல் பட்சிகளைப் பார்த்து வர முடிந்தவர். சேவல் கெண்டியின் அழகைப் புகழும்போது இருவரையும் நினைப்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம்.