வாடகைக்கு "வாங்கு" என்று பெயர்



வியாபாரம் பற்றிப் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக்கொடுப்பது இதுதான்: விற்றுவிட்டால் பொருள் வாங்கியவருக்குச் சொந்தம். இஜாரா என்றால் பாவிக்கும் உரிமை மட்டும். இரண்டையும் கலந்து ஆளை ஏமாற்றக் கூடாது.

கிண்டிலில் மின்னூல் எடுக்கப் போனால் பொத்தானில் "வாங்கு" என்றுதான் இருக்கிறது. யாரும் வாசிக்காத நிபந்தனைகளுக்குள், இது விற்பனை அல்ல, பாவனை அனுமதி மட்டுமே என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

2009 ஜூலையில் அமேசான், காசு கட்டியவர்களின் கருவிகளிலிருந்தே ஓர்வெல்லின் இரண்டு நாவல்களை அழித்தது. (ஒன்று "1984". அது தனிக்கதை.) காசைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். கடைக்காரர் இரவில் வீட்டுக்குள் வந்து அலுமாரியில் இருந்த கிதாபைத் தூக்கிக்கொண்டு, மேசையில் காசை வைத்துவிட்டுப் போனால் நாம் சும்மா இருப்போமா? 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் காசு திரும்பியது, புத்தகங்கள் போய்விட்டன.

வாப்பா விட்டுப்போன புத்தகங்கள் பிள்ளைகளுக்கு வரும். இந்த அனுமதியை யாருக்கும் கைமாற்ற முடியாது, கணக்கோடு அதுவும் மௌத்து.

அனுமதி மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் "வாங்கு" என்று போட 2025 ஜனவரி முதல் கலிபோர்னியாவில் தடை. ஏமாற்று வியாபாரத்தைத் தடுக்க இங்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை அரிசி விலையோடு இந்தப் பொத்தானையும் பார்க்கட்டும். வாடகை என்றால் வாடகை என்று எழுதுங்கள், வாடகைக் காசையே கேளுங்கள்.