யாரும் திருத்தாத நோட்டு

மனநல ஆலோசனையை நாடி வருகிறவர்களில் பலர் தம் துக்கத்தின் காரணத்தை அறியாதவர்கள் அல்லர். அதை ஆதியோடந்தமாக ஒரு முறையேனும் தமக்குத் தாமே சொல்லிப் பார்க்கும் அவகாசம் கிட்டாதவர்கள். அலுவலகத்தில் பட்ட அவமானத்தைச் சொன்னால் மனைவி கலங்குவாளே என்று மறைக்கும் கணவனும், புகுந்த வீட்டில் நேர்ந்ததைத் தாயிடம் சொன்னால் விஷயம் பெரிதாகிவிடுமே என்று விழுங்கிக்கொள்ளும் மகளும், நீட் தேர்வுக்காக இரண்டாம் வருஷமும் அறைக்குள் அடைந்து கிடந்து, தனக்கு அந்தப் படிப்பில் விருப்பமே இல்லை என்பதை எவரிடமும் வெளியிட இயலாத மாணவனும், இவ்வாறு வாய் திறவாமலே பல மாதங்களைக் கழித்துவிட்டு, உறக்கமும் பசியும் கெட்ட பின்னரே ஆலோசகரைத் தேடி வருகிறார்கள். அவர்களுடைய நிலை இடங்கொடுக்குமானால், ஒரு நோட்டு வாங்கி மனத்தில் உள்ளதை எழுதிப் பாருங்கள் என்று சொல்வது என் வழக்கம். அதற்குப் பெரும்பாலும் கிடைக்கும் மறுமொழி, "எனக்கு எழுதவெல்லாம் வராது சார்" என்பதுதான்.

பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியிலும், அதன்பின் கல்லூரியிலும் படித்து, விடைத்தாள்களிலே எண்ணற்ற பக்கங்களை நிரப்பியவர்கள் இவ்வாறு சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. உரைநூலில் அச்சிட்டிருக்கும் கட்டுரையை முன்னுரையிலிருந்து முடிவுரை வரை மனனம் செய்து, உட்தலைப்புகளை அடிக்கோடிட்டு ஒப்பிப்பதையே எழுத்து என்று நாம் அவர்களுக்குப் பழக்கிவிட்டோம். மழையைப் பற்றி எழுதச் சொன்னால், தன் வீட்டுக் கூரை ஒழுகிய இடத்தில் அம்மா எந்தப் பாத்திரத்தை வைத்தாள் என்று எழுதும் சிறுவனுக்கு மதிப்பெண் கிடைப்பது சந்தேகம். மழையே உயிர்களுக்கு ஆதாரம் என்று தொடங்குகிறவனுக்கு அது நிச்சயம். தான் கண்டதும் அனுபவித்ததும் எழுதத் தகாதவை என்ற எண்ணம் அந்தப் பருவத்திலேயே வேரூன்றி, நாற்பது வயதிலும் கையைத் தடுக்கிறது.

தமக்காக எழுதுவது நம்மவர்க்குப் புதியதன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினிக்குத் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) பின்னாளில் உயர்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கி, 1761 ஜனவரியில் தாம் மரணமடையும் காலம் வரை, இடையிடையே விட்டுப் போனாலும், நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்த செய்தியும், சரக்கு விலையும், கவர்னரோடு நடந்த சம்பாஷணையும், சோதிடர் சொன்ன பலனும், வீட்டு நன்மை தீமைகளும் அதில் ஒருங்கே இடம்பெற்றன. அவர் புலவராகப் பெயரெடுக்க முனைந்தவர் அல்லர், வணிகர். தாம் பேசிய தமிழிலே, பிறமொழிச் சொற்கள் தாராளமாகக் கலந்த நடையிலே எழுதினார். அவர் காலத்தில் அது அச்சேறவும் இல்லை. இன்று சரித்திரக்காரர்கள் அதைப் போற்றுவது வேறு விஷயம். நாள்தோறும் சூழ்ச்சிகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனிதர், அன்று நடந்தவற்றைத் தம் மனத்திற்குள் ஒழுங்குபடுத்திக்கொள்ள ஓர் இடம் வைத்திருந்தார் என்பதே ஓர் ஆலோசகனாகிய என்னைக் கவர்கிறது.

இவ்விஷயத்தைச் சோதனை முறையில் ஆராய்ந்தவர்களில் முன்னோடி அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர். 1986-இல் சாண்ட்ரா பீல் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர் சிலர் நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் வீதம் தொடர்ந்து நான்கு நாட்கள், தம் வாழ்வை உலுக்கிய சம்பவத்தைப் பற்றி எழுதினார்கள். வேறு சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். நடந்ததையும் அதனால் தாம் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் மனம் தெளியாமல் சோர்ந்தே இருந்தார்கள். ஆனால் அடுத்து வந்த ஆறு மாதங்களில் மருத்துவரை நாடியது மற்றவர்களைவிடக் குறைவு. பிற்பாடு இத்தகைய ஆய்வுகள் ஏறக்குறைய 150-ஐத் திரட்டி 2006-இல் பரிசீலித்தபோது, பலன் உண்டு, எனினும் அது சிறிதே என்று தெரியவந்தது. சர்வரோக நிவாரணியாக எழுத்தைப் போற்றுகிறவர்கள் இதை மறக்கலாகாது. கொடிய துயரம் நேர்ந்த அன்றே ஒருவரை எழுதும்படி வற்புறுத்துவது தகாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உடையவர்களுக்கு வேண்டியது நோட்டு அன்று, உடனடியான மனிதத் துணையும் மருத்துவமும். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம்.

யாருக்குப் பலன் கிட்டுகிறது என்பதைப் பற்றியும் பென்னபேக்கர் ஆராய்ந்திருக்கிறார். முதல் நாள் எழுதிய குறையையே கடைசி நாளும் மாற்றமின்றி எழுதுகிறவர்கள் அதிகம் தேறுவதில்லை. எழுத எழுத, இன்னது இன்னதனால் நேர்ந்தது என்ற காரண காரியத் தொடர்பைக் காணத் தொடங்குகிறவர்களே தேறுகிறார்கள். சிருஷ்டி என்பது இங்கேதான் பிறக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம். மனைவியை இழந்த ஓய்வுபெற்ற ஒருவர், துக்கத்தைப் பற்றி எழுத ஒன்றும் தோன்றவில்லை என்று சொல்லி, அவர் மனைவி வத்தக்குழம்பு வைக்கும் பக்குவத்தை எழுத ஆரம்பித்தார். புளி கரைப்பது வரை எழுதியவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. நாற்பதாண்டுக் காலம் உண்டோமே அன்றி அடுக்களைக்குள் எட்டிப் பார்க்கவில்லையே என்று அவருக்கு உறைத்தது. பல மாதங்களாக எவரோடும் மனம் விட்டுப் பேசாதிருந்த அவர், மைத்துனியைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். பேச்சு குழம்பில் தொடங்கி, இறந்தவருடைய பாலிய காலம் வரை நீண்டது. அந்தப் பக்கங்களை இலக்கியம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆயினும், சிந்திச் சிதறிக் கிடந்த ஒரு வாழ்வை எடுத்துக் கோத்து, தானே அறியாதிருந்த ஒன்றை அதில் கண்டுபிடித்த செயலுக்குச் சிருஷ்டி என்பதைவிடத் தகுந்த பெயரை நான் அறியேன்.

கைபேசியில் மக்கள் நாள் முழுவதும் எழுதிக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மை, ஆனால் வாட்ஸப் ஸ்டேட்டஸில் இடும் வரி, பார்ப்பவர் யார், என்ன நினைப்பார், எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற விசாரத்தோடே பிறக்கிறது. பிறர் கண்ணுக்காக எழுதும்போது துக்கம்கூட அலங்காரம் பூணுகிறது. அந்தரங்கமான நோட்டிலோ, பொறாமையைப் பொறாமை என்றே எழுதலாம்.

அந்த அந்தரங்கத்தை வீட்டார் காக்க வேண்டும். மகளின் டைரியைத் தாய் எடுத்துப் படிப்பதும், படித்ததை வைத்து விசாரிப்பதும் அன்பின் பேரால் நிகழ்பவையே. ஆனால் அதன்பின் அந்தப் பெண் தனக்குத் தானேகூட உண்மை சொல்லிக்கொள்வதில்லை.

ஆகவே தமிழாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: வாரத்தில் ஒரு பாடவேளையை ஒதுக்கி, பிள்ளைகள் விரும்பியதை விரும்பிய தமிழில் எழுத விடுங்கள். அந்த நோட்டைத் திருத்த வேண்டாம், மதிப்பெண் இட வேண்டாம், பிள்ளையே நீட்டினாலன்றிப் படிக்கவும் வேண்டாம். ஆறாம் வகுப்பில் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். அதற்கு அரசாணை வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.