மண்பாண்டத்தில் வைத்த பிரதி



எரேமியா தீர்க்கதரிசி காவற்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருந்த நாட்களில் அனாதோத்தில் ஒரு நிலத்தை வாங்கினார். விலை 17 சேக்கல் வெள்ளி. பாபிலோனின் சேனை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளை அது. கிரயப்பத்திரத்தில் முத்திரையிட்ட பிரதி ஒன்றும் திறந்த பிரதி ஒன்றும் இருந்தன. கர்த்தருடைய வார்த்தையின்படியே இரண்டையும் நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கிடம் கட்டளையிட்டார் (எரேமியா 32). தேசம் மீண்டும் கிடைக்கும் என்ற வாக்குத்தத்தம் கையில் இருந்தது. வாக்குத்தத்தம் இருக்கிறதே, பத்திரம் எதற்கு என்று அவர் அசட்டையாயிருக்கவில்லை.

நாங்கள் அசட்டையாயிருந்தோம். அதைத்தான் இம்மாதம் எழுதுகிறேன்.

எங்கள் மட்டாஞ்சேரி சபைக்கு 2007-ல் வாலிபத் தம்பி ஒருவர் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. தளத்தின் பெயரைத் தம்முடைய பெயரிலும் தம்முடைய மின்னஞ்சலிலும் பதிவு செய்திருந்தார். பின்பு வளைகுடா நாட்டிற்கு வேலைக்குப் போனார். அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதும் நின்றது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யாவும் அங்கேயே கிடந்தன. 2016-ல் ஒரு சகோதரி தம் மகளுக்கு வேதபாடம் காட்டத் தளத்தைத் திறந்தபோது, அங்கே சூதாட்ட விளம்பரம் நின்றது! யாரோ அந்தப் பெயரை வாங்கிவிட்டிருந்தார்கள். தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். பத்து ஆண்டுகளாக, சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறையும் கேளாதிருந்த மேய்ப்பன் நான்.

டாட் காம் போன்ற பெயர்கள் தவணை முடிந்தவுடனே கைவிட்டுப் போவதில்லை. பெரும்பாலும் சில வாரங்கள் வழக்கமான கட்டணத்திலேயே புதுப்பிக்கலாம். அதன்பின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு. கட்டணம் மிக அதிகம். அதுவும் கடந்தால் யாரும் வாங்கலாம். ஆகவே பெயரைச் சபையின் பேரில், சபைக்கென்றே உள்ள மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். கடவுச்சொல் ஒருவரிடம் மாத்திரமல்ல, பொறுப்பாளர் இருவரிடமாவது இருக்கட்டும்.

தம்பி ஊருக்குப் போகுமுன் ஒரு குறுந்தகடு கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நம்பிக்கையோடு திறந்தோம். படங்கள் இருந்தன, பக்க அலங்காரம் இருந்தது. பிரசங்கம் ஒன்றுகூட இல்லை. வேர்ட்பிரஸ் போன்றவற்றில் அமைத்த தளம் இரண்டு பாகமாக இருக்கிறது. படங்களும் ஒலிப்பதிவுகளும் கோப்புகளாக ஓரிடத்தில் கிடக்கும். நாம் எழுதிய எழுத்துகளோ தரவுத்தளம் என்னும் வேறோர் இடத்தில் கிடக்கும். ஒன்றை மாத்திரம் நகலெடுத்தால் மற்றது வராது. இதை அறியாமலே அநேகர் பிரதி இருக்கிறதென்று நிம்மதியாயிருக்கிறார்கள்.

1996-ல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் நிறுவனம் உலகத்தின் வலைப்பக்கங்களை அவ்வப்போது சேமித்து வருகிறது. அங்கே தேடியதில் எங்கள் பிரசங்கங்களில் பெரும்பகுதி கிடைத்தது, தேவனுக்கு ஸ்தோத்திரம். பழைய பக்கங்கள் பாமினி எழுத்துருவில் இருந்தபடியால் ஆங்கில எழுத்துகளைச் சிதறவிட்டதுபோல் தெரிந்தன. அவற்றை யுனிகோடுக்கு மாற்றிக்கொண்டோம். ஒலிப்பதிவுகள் அங்கே இல்லை. அதைப்பற்றிப் பின்பு சொல்லுகிறேன்.

எங்கள் தெருக்களுக்கு அருகேயுள்ள பரதேசி ஜெப ஆலயம் 1568-ல் கட்டப்பட்டது. 1662-ல் போர்த்துகீசியரால் சேதமடைந்து, டச்சுக்காரர் காலத்தில் 1664-ல் மீண்டும் எழுந்தது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த செப்பேடுகள் இந்த யூத சபையாரிடமே காக்கப்பட்டு வந்தன. 1806-ல் கொச்சிக்கு வந்த கிளாடியஸ் புக்கானன் என்னும் ஸ்காட்லாந்துப் போதகர் அவற்றுக்கு உலோகத்திலேயே மறுபிரதி செய்வித்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தார். மூலம் இங்கே, பிரதி கடலுக்கு அப்பால். இன்று கணினித் துறையினர் சொல்லும் ஒழுங்கும் இதற்கு ஒத்ததே: மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு ஊரில்.

வேறு ஊர் என்பது வீண் எச்சரிக்கையல்ல. 2021 மார்ச் 10-ல் பிரான்சிலுள்ள ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையானது. அங்கேயே தளத்தையும் அதன் பிரதியையும் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். நம் பக்கத்தில் 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் ஆலுவா, பறவூர் வீடுகளில் சான்றிதழ்கள் நனைந்து அழிந்தபோது, அரசு முகாம் நடத்தி மறுபிரதி கொடுத்தது. அலுவலகத்தில் பதிவு இருந்தது, கொடுக்க முடிந்தது. சபையின் சாட்சிகளுக்கு அப்படி ஓர் அலுவலகம் எங்கே உண்டு?

இப்பொழுது உபவாச ஜெபம் நடக்கும் முதல் சனிக்கிழமைதோறும் கோப்புகளையும் தரவுத்தளத்தையும் வெளி வன்தட்டில் எடுக்கிறோம். எடுத்தவுடன் கணினியிலிருந்து கழற்றிவிடுகிறோம். 2017 மே மாதம் வான்னாகிரை என்னும் தீயநிரல் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டங்களில் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளையும் பூட்டிவிட்டது நினைவிருக்கலாம். இப்படிப்பட்டவை கணினியோடு இணைந்திருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டும். குறுந்தகட்டை நம்பவில்லை. மிளகும் சுக்கும் கிடங்கில் வைத்திருக்கும் நம் விசுவாசிகளுக்குத் தெரியும், ஆடி மாத ஈரத்தில் கொச்சியில் எதில்தான் பூஞ்சை பிடிக்காது? இன்னொரு பிரதி திருநெல்வேலியிலுள்ள ஒரு விசுவாசக் குடும்பத்தின் வீட்டில் இருக்கிறது. ஜெபக்குறிப்புகளும் ஞானஸ்நானப் பதிவேடும் உள்ள கோப்புகளைக் கடவுச்சொல்லிட்டுப் பூட்டியே அனுப்புகிறோம். ஒருவர் கண்ணீரோடு சொன்னது பிறர் வீட்டுக் கணினியில் திறந்து கிடக்கலாகாது.

ஆறு மாதத்திற்கு ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பார்க்கிறோம். கிட்லேப் என்னும் பெரிய நிறுவனமே 2017 ஜனவரி 31-ல் தன் தரவுத்தளத்தைத் தவறுதலாய் அழித்துவிட்டு மீட்கப் போனபோது, ஐந்து வகை ஏற்பாடுகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யாதிருந்ததைக் கண்டது. ஏறக்குறைய ஆறு மணி நேரத்துத் தரவு போயிற்று. எங்கள் குறுந்தகட்டையும் கையில் வாங்கிய அன்றே திறந்து பார்த்திருந்தால் போதும்.

யோயாக்கீம் ராஜா புஸ்தகச்சுருளை அறுத்து அக்கினியில் போட்டபோது, எரேமியா மறுபடியும் சொல்ல பாருக்கு வேறொரு சுருளில் எழுதினான். சொல்லுவதற்கு எரேமியா உயிரோடிருந்தார். எங்கள் சபையின் மூத்த தாயார் ஒருவர், கைக்குழந்தையோடு நாசரேத்திலிருந்து ரயிலேறி இவ்வூருக்கு வந்ததையும், முதல் ஜெபக்கூட்டம் ஒரு சாக்குக் கிடங்கின் திண்ணையில் நடந்ததையும் 2011 கன்வென்ஷனில் நாற்பது நிமிடம் சாட்சியாகச் சொன்னார். 2014-ல் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த ஒலிப்பதிவு தளத்தோடு போயிற்று. கன்வென்ஷனுக்கு வந்து, பின்பு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ பிழைக்கப் போன குடும்பங்கள் இதை வாசிப்பீர்கள். பழைய கைப்பேசியின் மெமரி கார்டில் யாராவது அதை இறக்கி வைத்திருந்தால், தயவுசெய்து அந்தக் கார்டை அழிக்காதிருங்கள். அடுத்தமுறை இவ்வழியாய் வரும்போது கொண்டுவாருங்கள்.