கோழைத்தனம் ரோட்டில் இல்லை, காலண்டரில் இருக்கு

ஒவ்வொரு ஜனவரியும் மான்டே கார்லோ ராலி தொடங்கினா போதும், கூடவே ஒரு ஒப்பாரியும் தொடங்கிடும். "அந்தக் காலத்து டிரைவருங்க எல்லாம் சிங்கம். இப்ப கொஞ்சம் பனி, கொஞ்சம் ஐஸ்னா ஸ்டேஜையே ரத்து பண்ணிடறாங்க. ராலி பயந்தாங்கொள்ளி ஆயிடுச்சு." எந்தப் பழைய ராலி வீடியோவைத் திறந்தாலும் கீழே இந்தப் புலம்பல்தான். எங்க கிளாஸ்லயும் ரெண்டு பேர் இதையே சொல்லிட்டுத் திரியறாங்க. மக்களே, இது உங்களுக்காகத்தான்.

பனிக்கட்டியை ஃபிரிட்ஜுக்கு வெளியே பார்க்காத பி.காம். பையன் இதைப் பத்தி என்ன பேசறதுன்னு கேட்கலாம். நியாயம்தான். ஆனா நீங்களும் அதே ஊர்தானே :)

முதல்ல அந்தப் பொற்காலத்தைப் பார்ப்போம். எல்லாரும் உதாரணம் காட்டுறது 1965 மான்டே கார்லோ. பேய் மாதிரி பனிப்புயல். 237 கார் கிளம்பி, கடைசியில் முடிச்சது வெறும் 35. ஃபின்லாந்துக்காரர் டிமோ மாக்கினன் குட்டியூண்டு மினி கூப்பரில் ஜெயிச்சார். சிலிர்க்குதுதான், ஒத்துக்கறேன். ஆனா அவர் வெறும் தைரியத்தை நம்பியா ஓட்டினார்? ஆணி பதிச்ச டயர் இருந்துச்சு. அந்த டீம் முன்கூட்டியே ஆள் அனுப்பி, எந்த வளைவில் ஐஸ், எங்கே பனின்னு குறிச்சு வாங்கி டிரைவர் கையில் கொடுத்துச்சு. இன்னைக்கு "முன்னாடியே ஒரு கார் போய்ப் பார்த்துட்டு வருது, இதெல்லாம் ஒரு ராலியா"ன்னு கேலி பண்றீங்களே, அந்த வேலையை அப்பவே செஞ்சவங்க நீங்க கும்பிடுற ஆளுங்கதான். எச்சரிக்கைங்கறது புதுசா வந்த நோய் இல்லை. ஜெயிச்சவங்களோட பழைய தொழில் ரகசியம்.

அடுத்தது, ரத்து பண்றது. ஸ்வீடன் ராலி 1990ல் மொத்தமாவே ரத்து. காரணம் பயம் இல்லை, பனியே விழலை. 2016ல் பல ஸ்டேஜ் ரத்து. 2020ல் திட்டம் போட்டதில் ஏறக்குறைய பாதிதான் நடந்துச்சு. மூணு தடவையும் வில்லன் ஒண்ணேதான்: வெயில்.

பனி இல்லைன்னா சும்மா மண் ரோட்டில் ஓட்ட வேண்டியதுதானே? இங்கேதான் நிறைய பேருக்குப் புரியலை. ஸ்வீடன் ராலிக்கான டயர் ரொம்ப ஒல்லி. ஒவ்வொரு டயரிலும் 384 ஆணி. ஒவ்வொண்ணும் 20 மி.மீ. நீளம், அதில் 6, 7 மி.மீ. வெளியே நீட்டிட்டு நிக்கும். உறைஞ்ச ஐஸைக் கடிச்சுப் பிடிக்கத்தான் இந்த ஆணி. அதனாலதான் அந்த வழுக்கலிலும் காட்டுக்குள்ளே 200 கி.மீ. வேகத்தை நெருங்க முடியுது. ஐஸ் உருகி ஜல்லி மேல வந்துட்டா ஆணி பிடுங்கிட்டுப் போயிடும். ஆணி போன டயரோட நிழலில் மிச்சமிருக்கிற ஐஸ் மேல ஏறினா, அப்புறம் ஸ்டீயரிங் வெறும் அலங்காரம்தான்.

இன்னொண்ணு, பனிச்சுவர். ரோட்டைச் சுத்தம் பண்ணும்போது ரெண்டு பக்கமும் ஒதுக்கின பனி இறுகிச் சுவர் மாதிரி நிக்கும். டிரைவருங்க வளைவில் காரோட பின்பக்கத்தை அதில் சாய்ச்சே திரும்புவாங்க. கொஞ்சம் தப்பினாலும் அதுதான் காப்பாத்தும். குளிர் குறைஞ்சா அந்தச் சுவர் இல்லை. சுவருக்குப் பின்னாடி என்ன இருக்கு? மரம். ஆக, நிஜமான கடுங்குளிர்தான் இந்த ராலிக்குப் பாதுகாப்பு. அரைகுறைக் குளிர்தான் ஆபத்து. "பனியைக் கண்டு பயப்படுறாங்க"ன்னு சொல்றது தலைகீழ்க் கணக்கு.

சரி, டிரைவருங்க பயந்துட்டாங்களா? 2020 மான்டே கார்லோவில் ஓட் தானக்கோட ஹூண்டாய் சுமார் 180 கி.மீ. வேகத்தில் ரோட்டை விட்டுப் பறந்து, மலைச்சரிவில் உருண்டுச்சு. அவரும் கூட இருந்த மார்ட்டின் யார்வெஓயாவும் தப்பிச்சாங்க. மூணே வாரத்தில் அதே ரெண்டு பேர் ஸ்வீடனில் ரெண்டாவது இடம்! 2024ல் உலக சாம்பியன் காலே ரோவன்பெரா ஸ்வீடனின் முதல் முழு நாளிலேயே பனிச்சுவரில் புதைஞ்சு நின்னார். பயந்து ஓட்டுறவன் இப்படியா போய் மாட்டுவான்?

ஐஸ் பார்க்கிற கார் முன்னாடியே போறது பத்தியும் சொல்லிடறேன். மான்டேவில் ஒரே ஸ்டேஜில் கீழே காய்ஞ்ச தார் ரோடு, மேலே கோல் டி துரினி மாதிரி கணவாயில் ஐஸ், இறங்கும்போது ஈரம். எதுக்கும் முழுசாப் பொருந்துற டயரே கிடையாது. ஐஸ் எங்கேன்னு தெரிஞ்சாலும் தப்பான டயரோட அதைத் தாண்டித்தான் ஆகணும். எங்க பாடத்தில் சொல்லுவாங்க, கணக்குப் போட்டு எடுக்கிறது ரிஸ்க், கண்ணை மூடிட்டு எடுக்கிறது சூதாட்டம். அந்த கார் சூதாட்டத்தை ரிஸ்க்கா மாத்துது, அவ்வளவுதான். ரிஸ்க் அப்படியேதான் இருக்கு. 2017 மான்டேவின் முதல் ஸ்டேஜிலேயே ஹேடன் பேடனோட கார் ஐஸில் வழுக்கி, பார்வையாளர் ஒருத்தர் இறந்துபோனார். "கொஞ்சம் ஆபத்து இருந்தாத்தான் த்ரில்"னு டைப் பண்றதுக்கு முன்னாடி இதை ஞாபகம் வெச்சுக்கங்க. அந்த த்ரில்லுக்கு விலை கொடுக்கிறது எப்பவும் டிரைவர் மட்டும் இல்லை.

உங்க பக்கமும் ஒரு பாயிண்ட் இருக்கு, மறைக்க மாட்டேன். 2017 ஸ்வீடனில் கிநோன்னு ஒரு ஸ்டேஜ். முதல் ஓட்டத்தில் சராசரி வேகம் 137 கி.மீ.யைத் தொட்டுச்சுன்னு ரெண்டாவது ஓட்டத்தையே எஃப்.ஐ.ஏ. ரத்து பண்ணிச்சு. வேகமான ரோடுன்னு முன்னாடியே தெரியாதா? வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்கணும்னா முதல்லயே வெச்சிருக்கணும். அது சொதப்பல்தான். ஆனா அங்கேயும் டிரைவருங்க செஞ்ச குத்தம் என்ன? ரொம்ப வேகமா ஓட்டினது!

அப்போ கோழைத்தனமே இல்லையா? இருக்கு. அது காலண்டரில் இருக்கு. 2007ல் வரிசையா மூணு குளிர்கால ராலி: மான்டே, ஸ்வீடன், நார்வே. 2021ல் கொரோனாவால் ஸ்வீடன் நின்னப்போ, ஆர்டிக் வட்டத்துக்குப் பக்கத்தில் ஃபின்லாந்தின் ரோவனியெமியில் நடத்தினாங்க. அருமையான பனி, அருமையான ராலி. ஒரே தடவையோட முடிச்சுக்கிட்டாங்க. 2022ல் ஸ்வீடன் ராலியை வடக்கே உமேயோவுக்கு மாத்தினது மட்டும்தான் உருப்படியான வேலை. 2025ல் மொத்தம் 14 ரவுண்டு. முழுக்கப் பனியில் நடந்தது ஒண்ணே ஒண்ணு.

ஒரே ஒரு பனி ராலியை வெச்சுக்கிட்டு, அதுவும் ஒரு வருஷம் உருகிட்டா என்ன பண்ணுவாங்க? முட்டையெல்லாம் ஒரே கூடையில் வைக்காதேன்னு எங்க முதல் வருஷ பசங்களுக்கே தெரியும். குளிர் வடக்கே ஓடுது, துரத்திட்டுப் போகணும். நார்வேயைத் திரும்பக் கொண்டு வரணும், ரோவனியெமியை நிரந்தரமாக்கணும். செலவாகும்தான். அந்தச் செலவுக்குத் தயங்குறாங்க பாருங்க, அதுக்குப் பேர்தான் பயம்.

அதனால அடுத்த தடவை ஒரு ஸ்டேஜ் ரத்தாச்சுன்னா "டிரைவருக்குத் தில் இல்லை"ன்னு எழுதாதீங்க. காலண்டர் போட்டது யாருன்னு கேளுங்க. திட்டணும்னா அங்கே போய்த் திட்டுங்க, நானும் வர்றேன்.