செம்புக் கம்பிக்குத் தங்க விலையா?

புதிதாக வீடு கட்டும் எம்மவர்களைக் குறிவைத்து நூதனமான வியாபாரம் ஒன்று நடக்கிறது. ஒலிபெருக்கிக் கம்பி வியாபாரமே அது. கம்பியை மாற்றினால் பாடகரின் மூச்சுக்கூடக் கேட்கும் என்கிறார்கள். ஒட்சிசன் நீக்கிய செம்பு, தங்க முலாமிட்ட முனை என்று சொற்களை அடுக்குகிறார்கள். இதைவிட வெட்கக்கேடு, விற்பனையாளரின் துண்டுப்பிரசுரத்தை மொழிபெயர்த்துக் ‘கட்டுரை’ என்று பிரசுரிக்கும் பத்திரிகைப் பக்கங்கள். விளம்பரத்தின் தலையில் ‘விளம்பரம்’ என்று போடுவது எமது தொழிலின் அரிச்சுவடி அல்லவா?

கம்பியின் வேலை ஒன்றே. அம்பிளிபயரின் மின்னோட்டத்தை ஒலிபெருக்கிக்குக் கொண்டு சேர்ப்பது. அதைத் தீர்மானிப்பவை உலோகம், பருமன், நீளம் ஆகிய மூன்றுமே. ஒலிபெருக்கி 10 மீற்றர் தொலைவில் இருந்தால், போய்த் திரும்ப 20 மீற்றர் கம்பி. 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பில் அதன் மின்தடை ஏறத்தாழ 0.14 ஓம், 0.5 சதுர மில்லிமீற்றரில் 0.7 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்குக் கம்பியின் தடை 5 சதவீதத்தை, அதாவது 0.4 ஓமைத் தாண்டக்கூடாது என்பது நடைமுறை விதி. ஆகவே மெல்லிய கம்பி ஆகாது. சாதாரணத் தடித்த கம்பி தாராளமாகப் போதும். அதற்குமேல் கொடுக்கும் பணம் பெயருக்குக் கொடுக்கும் பணம்.

“என் காதுக்கு வித்தியாசம் தெரிகிறதே” என்பார்கள். விலையைக் கண் பார்த்த பின்னர் காது சொல்லும் சாட்சியம் செல்லாது. 7,250 டொலர் விலையுள்ள கம்பியைச் சாதாரணக் கம்பியிலிருந்து காதால் மட்டும் பிரித்தறிபவருக்குப் பத்து இலட்சம் டொலர் என்று அமெரிக்கரான ஜேம்ஸ் ராண்டி 2007இல் அறைகூவினார். அந்தப் பரிசை எவரும் வெல்லவில்லை.

உண்மையான மோசடி வேறிடத்தில் இருக்கிறது. அலுமினியத்தின் மேல் செம்பைப் போர்த்திச் செம்பென்றே விற்கிறார்கள். அதன் தடை செம்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்பி இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கம்பிக்குக் கொட்டும் பணத்தையும் சிரத்தையையும் திட்டமிடலுக்குக் கொடுங்கள். இலங்கையில் எமது வீடுகள் கல்லாலும் சீமெந்தாலும் ஆனவை. பூச்சு முடிந்தபின் சுவரைக் கொத்துவது வீண் செலவு. பூசுமுன் வெறும் பிளாஸ்ரிக் குழாய்களையாவது புதைத்துவிட்டால் நாளைக்கு எந்தக் கம்பியையும் இழுக்கலாம். முன் ஒலிபெருக்கிகள் இரண்டும் நீங்கள் அமரும் இடமும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். பக்க ஒலிபெருக்கிகள் நேர்முன்னிருந்து 100 முதல் 120 பாகை வரையான கோணத்தில், அதாவது காதுகளுக்குச் சற்றுப் பின்னே, இருக்கட்டும். 230 வோல்ற் மின்கம்பியை இவற்றுடன் ஒரே குழாயில் ஒருபோதும் செலுத்தாதீர்கள். அது உயிராபத்து. அம்பிளிபயருக்கு ஒலியைக் கொண்டுவரும் மெல்லிய சமிக்ஞைக் கம்பி மின்கம்பியோடு நெடுந்தூரம் ஒட்டிச் சென்றால் இரைச்சலும் ஏறும். ஒரு ஒலிபெருக்கியில் மட்டும் கூட்டலும் கழித்தலும் மாறிவிட்டால் அடித்தொனி மெலிந்துவிடும். எத்தனை டொலர் கம்பியும் அதைச் சீராக்காது.

தரையோடும் வெறுஞ் சுவரும் கொண்ட எமது கூடங்களில் ஒலி முட்டிமோதி எதிரொலிக்கிறது. தடித்த திரைச்சீலையும் ஒரு தரைவிரிப்பும் புத்தக அலுமாரியும் செய்வதில் நூறில் ஒரு பங்கைக்கூட அந்தத் தங்க முனை செய்யாது.

கடைக்காரரிடம் கேளுங்கள்: எத்தனை சதுர மில்லிமீற்றர்? முழுச் செம்பா? மீற்றர் என்ன விலை? இவற்றுக்கு நேரான பதில் வராத கடையில் வாங்காதீர்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காத கட்டுரை பத்திரிகையில் வந்தால், அதை விளம்பரம் என்றே வாசியுங்கள்.