கடன் வாங்கிய கண்டம்

தமிழினத்தின் தொன்மைக்குச் சான்று எங்கே என்று கேட்டால், நம்மவரிற் சிலர் கடலைச் சுட்டுகின்றனர். இராசபாளையத்து மேடைகளாயினும் சரி, திருவில்லிபுத்தூர்ப் படிப்பகங்களாயினும் சரி, "இலெமூரியா" என்ற சொல் ஒலித்த உடனே கையொலி வானைப் பிளக்கிறது. தமிழ்ப் பற்றால் எழும் கையொலியை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: புராணத்தைக் கண்டபோது "சான்று எங்கே?" என்று முழங்கிய நாக்கு, இலெமூரியா என்றதும் ஊமையாவது ஏன்?

அப்பெயர் பிறந்த கதையை அறிவோமா? மடகாஸ்கர் தீவிலே இலெமூர் என்னும் விலங்கினம் மிகுதி. அதன் உறவினங்கள் ஆப்பிரிக்காவிலும் தென்னாசியாவிலும் உள்ளன. இடையிலே கடல் இருக்க, இவை பரவியது எவ்வாறு? 1864ஆம் ஆண்டு பிலிப் இஸ்கிளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலார் இக்கேள்விக்கு விடை தேடினார். மறைந்துபோன நிலப்பரப்பொன்றை ஊகித்து, அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். அப்பெயரிலே தமிழும் இல்லை, தமிழனும் இல்லை! திருவில்லிபுத்தூருக்கு மேற்கே மலைக்காட்டில், இருளில் உருண்ட விழியோடு கிளைபற்றி நகர்கிறதே தேவாங்கு, அதன் உறவினத்தின் பெயர் அது.

அறிவியல் ஊகித்தது, அறிவியலே திருத்திக்கொண்டது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் வெகனர் உரைத்தார். 1960களில் அக்கொள்கை உறுதிபெற்றது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டிக்கிடந்து பிரிந்தவை என்றான பிறகு, மூழ்கிய பாலம் தேவையற்றுப் போயிற்று. அவை பிரிந்ததோ எட்டுக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. அன்று மனிதனே இல்லை. தமிழன் ஏது, சங்கம் ஏது?

ஆனால் அறிவியலார் கைவிட்டதை மறைஞானிகள் கைவிடவில்லை. 1875இல் நியூயார்க்கில் தோன்றி, 1882இல் சென்னை அடையாற்றில் தலைமையகம் அமைத்தது பிரம்மஞான சபை. அதை நிறுவியவர்களுள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், 1888இல் வெளியிட்ட 'இரகசியக் கோட்பாடு' என்னும் நூலில், இலெமூரியாவிலே மூன்றாம் மூல இனத்தைக் குடியேற்றினார். அவ்வினத்தார் பேருருவினராம், தொடக்கத்தில் முட்டையிட்டு இனம் பெருக்கினராம்! 1904இல் இஸ்காட் எலியட் என்பவர் அந்நாட்டுக்கு நிலப்படமே வரைந்து தந்தார். அகழ்ந்து கண்டனரா? அளந்து கண்டனரா? இல்லை, ஞானக்கண்ணால் கண்டனராம்!

இந்த வரலாற்றைத் தொகுத்து ஆராய்ந்தவர் சுமதி இராமசாமி என்னும் வரலாற்றாசிரியர். இழந்த இலெமூரியாவைப் பற்றி 2004இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூல், ஐரோப்பிய அறிவியலார், மேலைநாட்டு மறைஞானிகள், தமிழறிஞர் ஆகிய முத்திறத்தாரும் ஒரே பெயரை வெவ்வேறு வகையில் ஆண்டதை விளக்குகிறது. தமிழைப் பழிக்கும் நூலென்று அதைத் திறவாமலே ஒதுக்குவோர் ஒருபுறம். தமிழரை எள்ளி நகையாடக் கருவி கிடைத்ததென்று தூக்கித் திரிவோர் மறுபுறம். இருசாராரும் நூலைப் பயிலவில்லை. அவர் எள்ளவில்லை, அடிமைப்பட்ட காலத்தில் தன் பெருமையை இழந்ததாக உணர்ந்த மக்களின் ஏக்கத்தையே அக்கனவில் காண்கிறார். எள்ளுதல் வேறு, எடைபோடுதல் வேறு.

நாமும் எடைபோடுவோம். தமிழறிஞர் பலர் அறிவியலாரின் ஏட்டிலிருந்தே இலெமூரியாவை எடுத்தனர்; அது அக்காலத்து அறிவு, குற்றமன்று. ஆயின் காலப்போக்கில் மறைஞானிகளின் சரக்கும் அதனுடன் கலந்தது. அச்சரக்கின் உள்ளே இருப்பது என்ன? பிளாவட்ஸ்கியார் வகுத்த ஏணியிலே மூன்றாம் படி இலெமூரியர். நான்காம் படி அட்லாண்டியர். ஐந்தாம் படியில் வீற்றிருப்பவர் யார் தெரியுமா? ஆரியர்! இலெமூரியரின் எச்சங்களென்று ஆஸ்திரேலியப் பழங்குடியினர் போன்றோரைத் தாழ்த்தியும் பேசுகிறது அக்கோட்பாடு. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்று முழங்குவோர், ஆரியனை மேற்படியில் ஏற்றும் ஏணியின் கீழ்ப்படியைத் தமது அரியணை என்று கொண்டாடலாமா? மனு வகுத்தால் மடமை, பிளாவட்ஸ்கி வகுத்தால் பெருமையா?

"சிலப்பதிகாரம் பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகக் கூறவில்லையா?" என்பர். கூறுகிறது. கடல் நிலத்தைக் கொள்ளும் என்பதை 1964இல் தனுஷ்கோடி நம் கண்முன்னே காட்டிற்று. ஏறத்தாழ இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது என்று அறிவியலும் கூறுகிறது. பின்னர் நீர் ஏறியபோது கரையோர நிலங்கள் அமிழ்ந்தன. ஆனால் கரை அமிழ்ந்தது வேறு, கண்டம் அமிழ்ந்தது வேறு. இளங்கோ பாடியது ஆறும் மலையும். மடகாஸ்கர் வரை நீண்ட பெருங்கண்டத்தை அவர் பாடவில்லை. தமிழ்க் காப்பியத்தின் வாயிலே அடையாற்றின் சொல்லைத் திணிப்பது தமிழ்த் தொண்டாகாது.

தொன்மை வேண்டுமா? கடலை விட்டுக் கரைக்கு வாருங்கள். இராசபாளையத்தாரும் திருவில்லிபுத்தூராரும் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. தென்கிழக்கே வைப்பாற்றங்கரையில் வெம்பக்கோட்டை இருக்கிறது. 2022 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அங்கே மண்ணை அகழ்ந்தது. நுண்கற்கருவிகளும், சங்கு வளையல்களும், கண்ணாடி மணிகளும், சுடுமண் உருவங்களும் வெளிப்பட்டன. கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டைத் தொடுகிறது. சிவகளைத் தாழியில் கிடைத்த நெல் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்தது. இவை ஞானக்கண்ணுக்கு மட்டும் தெரிவன அல்ல. ஊனக்கண் உடைய எவரும் காணலாம், தொடலாம், ஐயுற்று வினவலாம். ஐயத்தைத் தாங்கும் சான்றே சான்று!

சங்கறுத்து வளையல் செய்த உழைப்பாளியின் கைவண்ணம் நம் காலடியில் கிடக்க, முட்டையிட்ட பேருருவினரிடம் பரம்பரை கேட்டுக் கையேந்துவானேன்? கடன் வாங்கிய கண்டத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுப்போம். உழைத்துக் காத்த மண் நமக்கு இருக்கிறது; அதை அகழ்வோம், அறிவோம், அறிந்ததை மட்டும் முழங்குவோம்!