மறந்துபோன கடவுச்சொல்லும் மறக்கலாகா அறமும்



பட்டுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சி நகருக்கு அருகே, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் இன்று பெருந்தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. பிள்ளையார்பாளையத்துத் தறியோசையில் வளர்ந்த இளைஞர்களும் பட்டயப் படிப்பு முடித்து அங்கே பணிக்குச் செல்கின்றனர். அவர்கள் நாள்தோறும் பழகும் பொருள் ஒன்று உண்டு. இயந்திரம் எப்போது ஓடவேண்டும், எப்போது நிற்கவேண்டும், கொதிகலனின் அழுத்தம் எவ்வளவுக்கு மேற்போகலாகாது என்றெல்லாம் கட்டளையிடும் சிறு பெட்டி அது, பி.எல்.சி. என்பர். அதனுள் இருக்கும் கட்டளைகளைப் பிறர் மாற்றாதிருக்கக் கடவுச்சொல்லால் பூட்டிவைப்பது வழக்கம்.

பெட்டியை அமைத்தவர் ஊரைவிட்டே போய்விட்டார், கடவுச்சொல்லை எழுதிவைத்தாரில்லை. இயந்திரம் நின்றுவிட்டது, முதலாளி பதறுகிறார். பூட்டை உடைக்க வல்ல இளைஞர் ஒருவர் அருகில் இருக்கிறார். அவர் உடைக்கலாமா?

விடை காண நம் ஊர்த் தறியிடமே செல்வோம். ஜக்கார்டு பெட்டியில் ஏற்றும் துளையிட்ட அட்டைகளே சேலையில் மயிலையும் யாளியையும் நெய்விக்கின்றன. தறி நெசவாளருடையது, பழுதுபட்டால் அதைப் பிரித்துச் செப்பனிட அவர் எவர் அனுமதியையும் நாடவேண்டியதில்லை. ஆனால் அட்டையிலுள்ள வடிவம் வேறொருவர் கண்விழித்து வரைந்தது. அதைப் படியெடுத்து அடுத்த தெருவில் விற்பவர் களவு செய்கிறார். பொருளின் உரிமை வேறு; அறிவுழைப்பின் உரிமை வேறு.

ஆகவே, உரிமையாளர் தம் இயந்திரத்தை மீண்டும் இயக்குவதற்காகத் தம் பூட்டைத் திறக்கச் சொல்வது, வாங்கியபோது செய்த ஒப்பந்தம் தடுக்காதவரை, தவறாகாது என்பதே நம் துணிபு. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43ஆம் பிரிவில், உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி நுழைவதையே தவறென்கிறது. அதையே நேர்மையின்றியோ வஞ்சகமாகவோ செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் உண்டு.

பூட்டியவரும் அறத்துக்குக் கட்டுப்பட்டவரே. போலந்து நாட்டில் 2022இல், தனிப் பணிமனை ஒன்று செப்பனிட்ட ரயில்கள் கிளம்ப மறுத்தன. வேற்றுப் பணிமனையில் நின்றால் வண்டி முடங்கும்படி கட்டளை எழுதப்பட்டிருந்ததென, அப்பணிமனை அழைத்த வல்லுநர்கள் 2023 டிசம்பரில் அறிவித்தனர். வண்டிகளைச் செய்த நேவாக் நிறுவனம் அதை மறுத்து வழக்கும் தொடுத்தது. அவ்வழக்கின் முடிவு எதுவாயினும் ஒன்று தெளிவு: பிறர் பிழைப்பை அடைப்பதற்கென்றே ஒரு பூட்டுப் போடப்படுமாயின், அதற்கு அறத்தின் காவல் இல்லை.

ஆயினும் மூன்று எல்லைகளை நம் இளைஞர்கள் மனத்தில் இருத்தல் வேண்டும்.

முதலாவது, உயிர் காக்கும் பூட்டு. அழுத்தத்தின் வரம்பு, கை நுழைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் அமைப்பு ஆகியவற்றை, உற்பத்தி குறைகிறதென்று முதலாளியே ஆணையிட்டாலும் தளர்த்தலாகாது. இயந்திரம் அவருடையது, அதனருகே நிற்கும் தொழிலாளியின் உயிர் அவருடையதன்று. தமதல்லாததற்கு அவர் எவ்வாறு அனுமதி தரக்கூடும்?

இரண்டாவது, வழி அறிந்திருப்பது அனுமதியாகாது. ஆஸ்திரேலியாவின் மருச்சி வட்டாரத்தில் கழிவுநீர்க் கட்டுப்பாட்டுக் கருவிகளை அமைக்கும் பணியில் இருந்த ஒருவர், பின்னர் நகராட்சி தமக்கு வேலை தராததால் சினமுற்று, 2000ஆம் ஆண்டில் தாம் அறிந்த வழியே அவற்றுள் புகுந்தார். ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஆற்றிலும் பாய்ந்தது. 2001இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை கிட்டியது.

மூன்றாவது, கருவியைப் பற்றிய எச்சரிக்கை. பூட்டுடைக்கும் மென்பொருளை முன்பின் அறியாதவர்கள் இணையத்தில் விற்கின்றனர். அத்தகைய ஒன்றை டிராகோஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் ஆராய்ந்து 2022 ஜூலையில் வெளியிட்டது. அது கடவுச்சொல்லைக் காட்டியது மெய்யே. ஆனால் சாலிட்டி என்னும் நச்சு நிரலையும் கணினிக்குள் இறக்கிவிட்டது. திருடனிடம் சாவி செய்யக் கொடுத்தவர், அவன் இன்னொரு சாவியைத் தனக்கென வைத்துக்கொண்டான் என்று வியப்பதற்கில்லை.

ஆகவே, பணியை மேற்கொள்ளும் இளைஞர் உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுக. செய்து கொடுத்த நிறுவனத்தை முதலில் நாடுக. இயந்திரத்தை நிறுத்தி, ஆட்களை விலக்கிய பின்னரே கைவைக்க. மாற்றியது ஒவ்வொன்றையும் குறித்துவைக்க. தொழில் நடத்துவோரோ, இயந்திரம் வாங்கும் நாளிலேயே கடவுச்சொல்லும் கட்டளைத் தொகுப்பின் படியும் தங்களிடம் ஒப்படைக்கப்படவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வாராக. ஒரு தாளில் எழுதி இரும்புப்பெட்டியில் வைத்த சொல், நள்ளிரவில் ஓர் இளைஞனைச் சோதனைக்குள் தள்ளாது காக்கும்.

பெற்றோரே, உங்கள் மக்களின் கைத்திறனைக் கண்டு மகிழுங்கள், நாமும் மகிழ்கிறோம். அத்துடன், யாருக்காகத் திறக்கிறாய், திறந்தபின் யாருக்கு என்ன நேரும் என்று அவர்களைக் கேட்டுப் பழக்குங்கள். அவ்விரு வினாக்களுக்கும் பகல் வெளிச்சத்தில் விடை சொல்ல முடிந்தவர் அச்சமின்றித் தம் வேலையைச் செய்யலாம்.